தலைவர் பேசுகிறேன்

உப்பளச் சாலை, மரக்காணம் வழி
18.8.2025

அன்புள்ள மேரிசெல்விக்கு,

ஆண்டவரின் நிழல் உன்மீது தங்குவதாக. இங்கே என்னையும் நம் ஊராட்சியையும் அவர் காத்துவருகிறார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு நான் பேசுவதை ஊராட்சி அலுவலகமே கேட்கிறது, இனி எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன். நெய்தல் நிலத்தில் காத்திருந்து இரங்குவது பெண்ணின் பங்கு என்று பழம்புலவர்கள் வகுத்தார்கள். தமிழாசிரியனாக அதைப் பாடம் நடத்தியவனுக்கு, ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பங்கே வாய்த்திருக்கிறது. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

ஆகவே காலையிலேயே அலுவலகம் போய்விடுகிறேன். தலைவியான நீ பெங்களூருவில் அந்தப் பொதுக்கொள்கைப் பள்ளியில் படித்து முடிக்கும்வரை துணைத் தலைவர் தட்சணாமூர்த்தி பொறுப்பு என்பது தாளில்தான். மனுவோடு வருபவர்கள் என்னிடமே வருகிறார்கள். எடுபிடிக்கு இருக்கும் பாவாடை, "தலைவரே, சக்கர கம்மியா போடச் சொன்னேன்" என்று டீயை நீட்டுகிறான். அப்படி அழைப்பதைக் கடிந்துகொள்ள வேண்டும், கடியவில்லை.

ஒரு நற்செய்தி. இறால் பண்ணைக் கலியமூர்த்தி, தம் குளத்துக் கழிவுநீரை உப்பளத்து வாய்க்காலில் விட அனுமதி கேட்டார். அக்டோபர் இரண்டாம் தேதி கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றுகிறேன் என்று வாக்களித்திருக்கிறேன். நம் சிற்றாலயத்தின் கூரையை அவர் மாற்றித் தருகிறார். மழைக்கு முன் கூரை! இறைவன் எவர் கையையும் கருவியாக்குவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
அருள்பிரகாசம்

பெங்களூரு
27.8.2025

அன்பும் மரியாதையும் நிறைந்த உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். சுகமாக இருக்கிறேன், சாம்பாரில்தான் வெல்லம் போடுகிறார்கள்.

இங்கே என்னோடு படிக்கும் முப்பது பேரும் என்னைப் போல ஊராட்சித் தலைவிகள். வாரந்தோறும் பெரியவர்கள் வந்து எங்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். யார் என்ன சொன்னார் என்பதைப் பெயரோடு வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ஓய்வுபெற்ற தலைமைச் செயலாளர் ஒருவர், "வேண்டாம் என்று சொல்ல வேண்டிய கோப்பை நான் மேசையில் தூங்கவிட்டதுண்டு. அந்தக் கோப்புகளில்தான் மனிதர்கள் செத்தார்கள்" என்றார்.

அதனால் நேராகவே எழுதுகிறேன்: கலியமூர்த்தி அண்ணனின் தீர்மானம் வேண்டாம். போன வருடம் அந்தத் தண்ணீர் உப்புப் பாத்தியில் ஏறியபோது உப்பு வாருகிற பெண்களுக்குக் காலெல்லாம் புண். இன்னாசிமேரி மழைக்காலம் முழுவதும் நொண்டினாள். கூரையை நாம் வேறு வழியில் போடுவோம்.

நான் என்ன நினைக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

தங்கள் அன்பு மனைவி,
மேரிசெல்வி

உப்பளச் சாலை
6.9.2025

அன்புள்ள மேரிசெல்விக்கு,

பெரிய மனிதர்களின் அருகே அமர்ந்தால் சிறிய ஊர் இன்னும் சிறிதாகத் தெரியும். அது உன் குற்றமன்று.

புண்ணுக்கு மருந்துண்டு. கொடுத்த வாக்கை மீறினால் அதற்கு மருந்தில்லை. நீ தேர்தலில் நின்றபோது வீடுவீடாக நடந்தவன் நான். பேச்சை எழுதித் தந்தவனும் நான். உரிமையாளர் வரும்வரை வீட்டைக் காக்கும் கண்காணிப்பாளனாகவே என்னைக் கருதுகிறேன். என்மீது ஐயம் கொள்ளாதே.

கிராமசபைக்கு நீ வந்தால் கையெழுத்திடு. வர இயலாவிட்டால் நான் நடத்திக்கொள்கிறேன். எல்லாருக்கும் பழக்கம்தானே.

வெயில் ஏறியபின் காற்று விழுந்துவிடுகிறது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். செபமாலை எடுத்தால் எண்ணிக்கை தவறுகிறது.

உன்,
அருள்பிரகாசம்

பெங்களூரு
17.9.2025

மரியாதைக்குரிய உங்களுக்கு,

நேற்று முன்னாள் மத்திய அமைச்சர் ஒருவர் வந்தார். எழுபது வயதைக் கடந்த அம்மா. சொற்பொழிவு எதுவும் செய்யவில்லை. "அவரவர் அலுவலகத்துக்கு என் உதவியாளரின் போனிலிருந்து ஸ்பீக்கரில் பேசிப் பார்ப்போம். தலைவர் வேண்டும் என்று கேட்போம்" என்றார். அவ்வளவுதான் பாடம்.

எனக்கு முன் மூன்று பேர். மூன்று அலுவலகத்திலும் கணவரே பேசினார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு நம் அலுவலகம். உதவியாளர் தமிழ்ப் பெண்தான்.

"தலைவர் இருக்காங்களா?"

"இருக்காருங்க. மனு பாத்துனு இருக்காரு. இருங்க, குடுக்குறேன்" என்றான் பாவாடை.

"வணக்கம், தலைவர் பேசுறேன். யாரு?"

உங்கள் குரல். முப்பது பேரும் சிரித்தார்கள், என்னால் முடியவில்லை. அந்த அம்மாவும் சிரிக்கவில்லை. அருகில் வந்து, "இவர் நல்லவரா?" என்று கேட்டார். "நல்லவர்" என்றேன். "அதுதான் சிரமம்" என்றார்.

முதல் தேதி மாலை வருகிறேன். மறுநாள் கிராமசபையை நான்தான் நடத்துவேன். அனுமதித் தீர்மானம் வராது. மேடையில் உங்களுக்கு நாற்காலி இருக்காது. கீழே எல்லாரோடும் உட்காருங்கள். கூரைக்காகப் பேச விரும்பினால் கையை உயர்த்துங்கள். முறை வரும்போது அழைக்கிறேன்.

எழுதியதைத் திரும்ப வாசித்தேன். எதையும் அடிக்கப் போவதில்லை.

மேரிசெல்வி

வானூர், தங்கை சகாயமேரியின் வீடு
3.10.2025

மேரிசெல்விக்கு,

நீ வந்து இறங்குவதற்கு முன்பே நான் பேருந்து ஏறிவிட்டதை அறிந்திருப்பாய். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கையை உயர்த்திப் பேசக் கற்பித்தவன். என் கையை உயர்த்தச் சொன்னதும் ஊரைவிட்டு வந்தேன்.

இன்று இங்கே சந்தைக்கு வந்த பாவாடையைப் பிடித்துக் கேட்டேன். "நீ ஏன் சார் வரல? அம்மா ரோட்டையே பாத்துனு இருந்தாங்க. அப்புறம் ஆரம்பிச்சிட்டாங்க. கலியமூர்த்தி எழுந்து கத்துனாரு. 'உக்காருங்கண்ணே, இன்னாசிமேரி பேசி முடிக்கட்டும்'னாங்க. அவ்ளோதான், உக்காந்துட்டாரு" என்றான். பிறகு, "பேப்பர் இல்லாமயே பேசுனாங்க சார்" என்றான். நான் எழுதித் தராமல் நீ பேச மாட்டாய் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கோபம் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதினால் பொய். பொய்யோடு நற்கருணை வாங்க முடியாது. முப்பது பேர் சிரித்தது காதைவிட்டுப் போகவில்லை. அந்த அம்மாவுக்கு நீ சொன்ன விடையும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவே படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சகாயமேரி, "ஏண்ணே, என் வீட்டுத் தரையை நடந்தே தேய்க்கவா வந்தே?" என்கிறாள்.

இதைப் பாவாடையிடமே கொடுத்தனுப்புகிறேன். ஞாயிறு பூசைக்கு வருவேன். ஆண்கள் பக்கம் கடைசியில் இருப்பேன். பூசை முடிந்து நீ வெளியே வரும்போது, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பேன். நீ யோசித்துச் சொல். வேண்டாம் என்றாலும் நேராகவே சொல். வானூருக்குத் திரும்பப் பத்தரைக்குப் பேருந்து இருக்கிறது.

அருள்பிரகாசம்