வாசலில் எட்டு ஜோடி

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக, வாசலில் கிடந்த குட்டிச் செருப்புகளை ஜோடி மாற்றி வைத்தேன். கோபிக்கு ஒரு காலில் கார் பொம்மை, மறு காலில் பட்டாம்பூச்சி. கூட்டிப்போக வந்த அம்மாக்கள் என்னைத் திட்டிக்கொண்டே தேடினார்கள். திண்டிவனத்தில் இதைவிட மலிவான பொழுதுபோக்கு கிடையாது.

எங்கள் வீட்டில் பெற்ற பிள்ளை ஒன்று, அது நான். பெறாத பிள்ளைகள் எட்டு. கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள். அம்மா பார்த்துக்கொள்வாள். அப்பா லாரியோடு ஊர் ஊராக இருப்பதால், வீடு என்கிற வண்டியை ஓட்டுகிற கை அம்மாவுடையது.

சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "விழுப்புரம் கலெக்டர் ஆபீசுலருந்து போன் வந்துச்சுடி. பசங்கள வெச்சிக்கினு இருக்கறவங்க எல்லாம் பதிவு பண்ணணுமாம். அடுத்த செவ்வாக்கெழம ஒரு மேடம் வந்து வீட்ட அளப்பாங்களாம்."

"வீட்டயா? இன்னாத்துக்கு?"

"ஒரு புள்ளைக்கு இத்தினி சதுர அடின்னு இருக்காமே."

"எனக்குத் தினமும் குடுக்கறியே, அது இன்னா அடி?"

அதற்கும் ஒன்று விழுந்தது. ஆனால் கையில் வேகமே இல்லை. அம்மா வேறு ஏதோ யோசனையில் இருக்கிறாள்.

ஜூன் 18, புதன்

ஹாலை அளந்தேன். என் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலால் மூன்று தரம் அளந்து மூன்று விடை. பிறகு தமிழ்மணியைத் தரையில் படுக்கவைத்து அளந்தேன். ஒன்றரை வயது, எட்டுப் பேரில் கடைசியாக வந்தவன். கிச்சுகிச்சு மூட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே படுத்தான். ஹால் நீளம் நாலரைத் தமிழ்மணி, அகலம் நாலுக்குக் கொஞ்சம் குறைவு. இதில் பீரோ ஒரு தமிழ்மணியை விழுங்கிவிடுகிறது.

அவன் அம்மா புனிதா அக்கா வந்தபோது நான் இன்னும் அளந்துகொண்டிருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இங்க எடம் இல்லன்னா இவன அனந்தபுரத்துல மாமியாகிட்ட தான்க்கா உடணும். வாரத்துக்கு ஒரு தபா தான் பாக்க முடியும். என்ன மறந்துடுவான்க்கா."

"அப்படிலாம் ஆவாதும்மா" என்றாள் அம்மா. சொல்லும்போது உள் ரூம் பக்கம் ஒரு பார்வை போய் வந்தது. நான் பார்க்காத மாதிரி ஸ்கேலைத் துடைத்தேன்.

உள் ரூம் என் சாம்ராஜ்யம். கட்டில், மேஜை, 'உத்தரவின்றி உள்ளே வந்தால் தோப்புக்கரணம்' என்ற அறிவிப்பு எல்லாம் உண்டு. இந்த வருஷம் பன்னிரண்டாவது. பரீட்சை முடிகிறவரை அங்கே எந்தப் பிள்ளையும் வராது என்று அம்மா சத்தியம் செய்திருக்கிறாள்.

ஜூன் 21, சனி

பயமாக இருக்கிறது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதனால் எழுதவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

வயிற்றுவலி என்று லீவு போட்டேன். திட்டம் என்னுடையதுதான். மூன்று பிள்ளைகளைப் பின்வீட்டுப் பூமாலை அக்காவிடம் விடுவது, மீதி ஐந்து பேரை வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பது. "பொய் சொல்லவா கத்துக் குடுத்தேன்?" என்று அம்மா முறைத்தாள். பிறகு அவளே தமிழ்மணியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். அவ்வளவு பயம் அவளுக்கு.

நான் வாசலைக் கூட்டி, கோலம் போட்டு, எல்லாவற்றையும் அழகாக அடுக்கினேன். பார்த்தால் மேடம் மயங்க வேண்டும் என்று.

மேடம் மயங்கவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பசங்க எத்தன பேரும்மா?"

"அஞ்சுங்க."

"செருப்பு எட்டு ஜோடி இருக்கே. மூணு பேர் வெறுங்காலோட போயிட்டாங்களா?"

ஜோடி ஜோடியாக, நூல் பிடித்த மாதிரி அடுக்கி வைத்தது நான். வாழ்க்கையில் முதல்முறையாகச் செருப்பை ஒழுங்காக வைத்தேன். ஏசப்பா!

அம்மா பின்பக்கம் போய் மூன்று பேரையும் கூட்டிவந்து வரிசையில் உட்காரவைத்தாள். "தப்புங்க மேடம். எட்டு பேரு" என்றாள்.

மேடம் கத்தியிருந்தால் தேவலை. கத்தாமல் டேப்பைப் பிடித்து அளந்தார். பீரோவுக்கு அடியில் இருக்கிற தரை கணக்கில் இல்லை, அடுப்படியும் இல்லை. பிள்ளை தவழ முடிகிற இடம் மட்டும்தான் இடம். ஹால் ஐந்து பேருக்குத்தான் தாங்கும். அதுவுமில்லாமல் பார்த்துக்கொள்கிறவர் ஒருத்தர் என்றால், எவ்வளவு பெரிய வீடானாலும் ஆறுக்கு மேல் கூடாது.

"நானும் இருக்கேன் மேடம்" என்றேன்.

"வயசு?"

"பதினாறு."

"பதினெட்டு ஆவணும்மா."

பார்த்துக்கொள்கிறவர்களிலும் நான் இல்லை, குழந்தைகளிலும் இல்லை. பீரோவுக்கு அடியில் இருக்கிற தரை மாதிரி.

"அந்த ரூம்?" மேடம் உள் ரூமைக் காட்டினார்.

"அது எங்க பொண்ணு படிக்கிற ரூமுங்க. அது வேணாம்" என்று அம்மா உடனே சொல்லிவிட்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை இப்போது இங்கே எழுதவே பிடிக்கவில்லை.

கிளம்பும்போது மேடம் கேட்டார்: "காஸ் பத்திக்கிச்சுன்னா எட்டு பேரையும் ஒருத்தரா எப்படிம்மா வெளிய கொண்டாருவீங்க?"

"ஒரு கொரல் குடுத்தா ஓடியாந்துருவாங்க மேடம்."

மேடம் கடைசி மூலையில் தொங்கிய தூளியைப் பார்த்தார். ரெண்டு வாரம் கழித்து வருவாராம்.

ஜூன் 28, சனி

எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

மேடம் கேட்டது தப்பு, அம்மா சொன்னது சரி என்று நிரூபிக்க நினைத்தேன். பள்ளிக்கூடம் லீவு. அம்மா எல்லாருக்கும் கேப்பைக்கூழ் ஊட்டி முடித்திருந்தாள். அடுப்படியில் சாம்பிராணியை நன்றாகப் புகைய விட்டு, "அம்மா! காஸு! காஸு!" என்று கத்தினேன்.

ஒரு கொரல் குடுத்தா ஓடியாந்துருவாங்களா? இல்லை. ரெண்டு பேர் பயந்து பீரோ பக்கம் ஒளிந்தார்கள். கோகுலகிருஷ்ணன் செருப்பைத் தேடினான். ஒருத்தி புகையைப் பார்த்துக் கை தட்டினாள். அம்மா இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, மற்றவர்களைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தாள். தெருவில் நின்று தலைகளை எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

"தமிழு! ஏய், தமிழு எங்கடி!"

தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். வீட்டின் கடைசி மூலையில். "சும்மாம்மா, சும்மா தான்" என்று நான் சொல்வது காதில் விழாமல் அம்மா புகைக்குள் ஓடினாள்.

அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவள் படியில் உட்கார்ந்தாள். மடியில் போட்டு அவன் கை கால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவன் எழுந்திருக்கவே இல்லை, அப்படித் தூக்கம். நான் அடி வாங்க முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அடிக்கவில்லை. சதுர அடியும் இல்லை, எந்த அடியும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

மாதா கோயிலில் அம்மா எனக்கு ரெண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 2, புதன்

அம்மா இன்று பேசினாள். என்னிடம் அல்ல, அரிசியைப் புடைத்துக்கொண்டே முறத்திடம்.

"அந்தம்மா சொன்னது சரிதான். எனக்கு இருக்கறது ரெண்டு கை. நான் தான் எட்டு கை இருக்கறாப்பல நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

கோபிக்கும் கோகுலகிருஷ்ணனுக்கும் நாலு வயசு ஆகிவிட்டது. அடுத்த தெரு அங்கன்வாடியில் பேசிவிட்டாளாம், அவர்கள் வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள். மீதி ஆறு பேர். ஹால் தாங்குவது ஐந்து பேரை.

"கடைசியா வந்தவன் தான் போவணும். வேற இன்னா நாயம் சொல்றது?"

சாயங்காலம் புனிதா அக்காவிடம் சொன்னாள். அக்கா அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை அனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். மகன் காலில் செருப்பை மாட்டும்போது, பட்டையை மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி, ரொம்ப நேரம் மாட்டினார். இந்தத் தடவை ஜோடி சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 3, வியாழன்

தூங்கவில்லை. பன்னிரண்டாவது வாழ்க்கையில் ஒரு தடவைதான். சரி. ஒன்றரை வயது மட்டும் ரெண்டு தடவையா வருகிறது?

ஜூலை 4, வெள்ளி

வந்ததும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் மேஜையை வெளியே இழுத்தேன். கட்டிலை ஒற்றையாளாக இழுக்க முடியாமல் பூமாலை அக்காவைக் கூப்பிட்டேன். "உன் ராஜாங்கத்துக்கு இன்னாடி ஆச்சு இளவரசி?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தார். கட்டில் அவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று போட்டுவிட்டோம்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஏய், இன்னாடி பண்ணிக்கினு இருக்க?"

"எடம் மாத்தறேன். எனக்கு அது தான தெரியும்."

"பரீட்சைடி உனக்கு!"

"பரீட்சைக்கு இத்தினி சதுர அடின்னு யாரும் சொல்லலியே."

அம்மா கதவில் இருந்த தோப்புக்கரண அறிவிப்பைக் கிழித்தாள். கிழித்துக் கசக்காமல், நாலாக மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். பிறகு புனிதா அக்காவுக்குப் போன் போட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

மேடம் வந்தார். முதலில் வாசலில் செருப்பைப் பார்த்தார். ஆறு குட்டி ஜோடி. பிறகு உள்ளே ஆறு தலை. உள் ரூமையும் சேர்த்து அளந்து, ஆறு பேர் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார். தூளி மூலையில் இல்லை. இப்போது வாசல் ஓரம், கை எட்டும் தூரத்தில். அம்மா இப்போதெல்லாம் தினமும் ஒரு தடவை "ஓடு!" என்று குரல் கொடுக்கிறாள். முதலில் தூளியில் கை வைத்துவிட்டுத்தான் மற்றவர்களைப் பார்க்கிறாள்.

மேடம் என்னைப் பார்த்து, "நீ எங்கம்மா படிப்ப?" என்றார். அடுப்படியைக் காட்டினேன்.

ஜூலை 15, செவ்வாய்

இயற்பியல் புத்தகத்தில் ரசம் வாசனை. கோபி அங்கன்வாடி போகிற வழியில் ஜன்னல் கம்பியைப் பிடித்து, "நான் பெரிய பையன்" என்று கத்திவிட்டுப் போகிறான்.

காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் காலை நுழைத்தால் ஒன்று என் செருப்பு, இன்னொன்றில் விரல்கூட நுழையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தமிழ்மணி என் வலது செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, உள் ரூமுக்குள் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறான்.

பஸ் போய்விட்டது.