நிருஷாவின் பொறுமை

அன்பு மகன் அலனுக்கு,

மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் ஜெபம். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால் லீவு முடிந்து டோஹா திரும்பும் உன் கூட்டாளி நுஹ்மானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விடாத மழை, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுவதும் சரியாக நடக்கவில்லை.

தங்கச்சி நிருஷா விஷயமாகத்தான் எழுதுகிறேன். எஹலியகொட மாதா கோயில் மண்டபத்தில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடந்தது. படிப்பை மட்டும் பார்க்காமல் குணத்தையும் பார்த்து, யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கம்பெனிகளோடு சேர்த்துவைக்கிறார்களாம். கல்யாணத் தரகர் வேலைதானே என்று அப்பா சிரித்தார். அங்கே ஒரு மிஸ், கோபக்கார கஸ்டமர் போல நடித்து நிருஷாவைச் சிங்களத்தில் கண்டபடி திட்டியிருக்கிறார். இவள் குனிந்த தலை நிமிரவில்லையாம், வாயே திறக்கவில்லையாம். பொறுமைக்கு முழு மார்க் போட்டு, கொழும்பில் ஒரு ஹோட்டலில் வருகிறவர்களின் குறைகளைக் கேட்கும் வேலைக்குப் பொருத்திவிட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் இவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. கேட்டதற்கு, அது பொறுமை இல்லம்மா, பயத்துல பேச்சே வரல என்றாள். தோட்டத்துத் துரை சத்தம் போடும்போது நானும் அப்படித்தான் நிற்பேன், தங்கமான பொம்பளை என்று பெயரும் வாங்கினேன். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படி நிற்கும்.

போகப் போகப் பழகிவிடும், வேலையை விட்டுவிடாதே என்றேன். கேட்கவில்லை. தானே அந்த மிஸ்ஸிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டாள். கைக்கு வந்ததைக் கெடுத்துக்கொண்டாளே என்று எனக்கு ஆத்திரம். அந்த மிஸ் மறுபடி கஸ்டமர் போல நடித்துத் திட்ட ஆரம்பித்தாராம். இவள் இந்த முறை தலையை நிமிர்த்தி, கொஞ்சம் மெதுவா பேசுங்க மிஸ், அப்பதான் ஒங்க பிரச்சினை எனக்கு வெளங்கும் என்றாளாம். வேலை உண்டா இல்லையா என்று இன்னும் பதில் வரவில்லை. ஆனால் நேற்று சோறு பிந்திவிட்டது என்று அப்பா கத்தியபோது அவரிடமும் அதையே சொன்னாள், மெதுவா பேசுங்கப்பா என்று. மனுஷன் அசந்துபோய் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மகன், சூப்பர்வைசர் என்ன திட்டினாலும் நான் வாயைத் திறக்கிறதில்லம்மா என்று நீ போனில் பெருமையாகச் சொன்னாய். நானும் சந்தோஷப்பட்டேன். இப்போது அதுதான் மனசை அரிக்கிறது. அது பொறுமையா, பயமா?

ஆண்டவர் உன் கூடவே இருந்து காப்பார். முதுகுவலிக்குத் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், படுக்கும்போது தேய்த்துக்கொள். கேட்டதற்குப் பதில் எழுத மறக்காதே. பயம் என்றாலும் பரவாயில்லை, எனக்கு எழுது.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
திரேசா