சேலத்துக்காரரின் மூன்றாவது கார்டு

18.11.81, புதன்

சேலத்துக்காரர் மறுபடி கார்டு போட்டிருக்கிறார். மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க, நாங்கள் பின்னும் ஓலைப்பெட்டி நூறு கேட்டிருந்தவர். "கல்யாணத்துக்குள் வருமா, வராதா? ஒரே வார்த்தையில் பதில் போடவும்."

ஒரு வாரமாக மழை. ஓலை காயவில்லை.

"ஈரத்தோடவே பின்னி அனுப்பிட்டா இன்னாக்கா?" என்றாள் கூடப் பின்னுகிற நூர்ஜகான்.

"போய்ச் சேர்றதுக்குள்ள பூசணம் பூத்துடும்டி" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

பிறகு பதில் எழுதினேன். தங்கள் கார்டு கிடைத்தது, தாமதத்துக்கு வருந்துகிறோம், பழவேற்காட்டில் விடாத மழை, தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும். மரியாதையிலேயே கார்டு நிறைந்துவிட்டது. அவர் கேட்ட வார்த்தைக்கு இடமில்லை. அப்படியே தபால்பெட்டியில் போட்டுவிட்டேன்.

இந்த நோட்டில் இடம் இருக்கிறது. வராது.