ஹில்லாவின் கோப்பினை மீண்டும் திறக்கக் கோரி

அனுப்புநர்
யார்க்கோ லெப்பகோஸ்கி,
9, அறுவை ஆலைத் தெரு,
ஹெய்னாலஹ்தி, பின்லாந்து.
(கடிதம் மூலம் மட்டும் தொடர்புகொள்ள வேண்டுகிறேன். காரணம் கீழே.)

பெறுநர்
தலைமை அதிகாரி அவர்கள்,
குழந்தைகள் பேச்சு சிகிச்சைப் பிரிவு,
ஹெய்னாலஹ்தி நல மையம்.

பொருள்: என் ஐந்து வயது மகள் ஹில்லாவின் கோப்பு “குடும்பத்துக்கு ஆர்வமில்லை” எனக் குறித்து மூடப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மகள் திக்கிப் பேசுகிறாள். முதல் எழுத்தை நாலைந்து முறை சொல்வாள். அதுவும் வராவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வலது காலைத் தரையில் தட்டுவாள். நான்கு வயதுப் பரிசோதனையில் செவிலியர் காட்டிய படங்களுக்கெல்லாம் ஒற்றைச் சொல்லாகச் சரியான பதில் சொல்லிவிட்டாள். “கூச்சம்தான், வேற ஒண்ணுமில்ல. அப்பாவும் வாயே திறக்கலையே, அப்படியே அப்பாவை உரிச்சு வெச்சிருக்கு” என்று சிரித்தபடி செவிலியர் எங்களை அனுப்பிவைத்தார். நம் ஊரில் பேசாத மனிதனை யாரும் சந்தேகிப்பதில்லை.

2. சென்ற செப்டம்பரில் அவள் காலைத் தட்டுவதை நிறுத்தினாள். சரியாகிவிட்டது என்று என் மனைவி சாரி மகிழ்ந்தாள். என்னால் மகிழ முடியவில்லை. ஏனெனில், “கஞ்சி” என்று பெயர் சொல்லிக் கேட்டுவந்தவள் இப்போது “அது” என்று விரலை நீட்டினாள். வராத சொல்லை ஒதுக்கிவிட்டு, வருகிற சொல்லை வைத்துக் காலம் தள்ளுவது எப்படி என்று எனக்குத் தெரியும். நானும் திக்குகிறவன். மர அறுவை ஆலையில் காதடைப்பான் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறேன். அங்கே யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள் என்பதற்காகவே அந்த வேலையில் சேர்ந்தேன்.

3. செவிலியரிடம் மீண்டும் அழைத்துச் சென்றோம். இம்முறை அவர் பொறுமையாகக் கேட்டு, உங்கள் பிரிவுக்குப் பரிந்துரை எழுதினார். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. நவம்பர் 4 அன்று உங்கள் கடிதம் வந்தது. பெற்றோர் இரண்டு வாரத்துக்குள், காலை எட்டு முதல் ஒன்பது வரை, தொலைபேசியில் அழைத்து, சிகிச்சைக்கு வருவதை உறுதி செய்ய வேண்டும். வேறு வழி எதுவும் அதில் இல்லை. பேச முடியாத குழந்தைகளுக்கான பிரிவுக்குள் பேசித்தான் நுழைய வேண்டும் என்று விதி செய்த புண்ணியவான் யாரென்று அறிய விரும்புகிறேன்.

4. சாரி கப்பலில் சமையல் வேலை பார்க்கிறாள். அன்று பத்து நாள் பயணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “நீ கூப்பிட்டுடுவ இல்ல?” என்று கேட்டாள். தலையாட்டினேன். ஏழு முறை அழைத்தேன். “ஹலோ, யாருங்க? ஹலோ?” என்ற குரல் கேட்கும். என் பெயரின் முதல் எழுத்து வருவதற்குள் இணைப்பு போய்விடும். மூன்றாம் முறை, “சின்னப் பசங்களா? வேற வேலையே இல்லையா உங்களுக்கு?” என்றார்கள். ஏழாம் முறைக்குப் பின் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள்.

5. நேரில் வந்தேன். வரவேற்பு மேசையில் இருந்த அம்மையார் நல்லவர். நான் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். “பதறாதீங்க, காய்ச்சல் தடுப்பூசிக்குத்தானே வந்தீங்க?” என்றார். தலையாட்டினேன். பிறர் முடித்துவைக்கும் வாக்கியத்துக்குத் தலையாட்டுவது என் வாழ்நாள் பழக்கம். ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று காரில் உட்கார்ந்து அழுதேன்.

6. இதில் என் குற்றமும் உண்டு, மறைக்கவில்லை. திரும்பி வந்த சாரியிடம், “எல்லாம் ஆச்சு, அவங்களே கூப்பிடுவாங்க” என்று பொய் சொன்னேன். ஜனவரியில் கோப்பு மூடப்பட்ட கடிதத்தை அவள்தான் பிரித்தாள். “என்கிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம், யார்க்கோ?” என்றாள். அதைவிட அவள் கத்தியிருக்கலாம். மறுநாளே உங்கள் அலுவலகத்தை அழைத்துப் பேசினாள். புதிதாக விண்ணப்பித்தால் பதினோரு மாதம் காத்திருக்க வேண்டுமாம். ஆகஸ்டில் ஹில்லா முன்பள்ளிக்குப் போகிறாள். “என்னடா, ரெக்கார்டு தேஞ்சுபோச்சா?” என்று பிள்ளைகள் கேட்கும் இடம் அது. என்னை அங்கேதான் கேட்டார்கள்.

7. சென்ற ஞாயிறு அவள் பொம்மைத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள். என்ன விளையாட்டு என்று சாரி கேட்டாள். “அ… அ… அப்பா மாதிரி போன் பேசுறேன்” என்றாள்.

8. ஆகவே, பழைய பரிந்துரைத் தேதியிலேயே ஹில்லாவின் கோப்பைத் திறந்து, ஆகஸ்டுக்கு முன் சிகிச்சை தொடங்க ஆவன செய்யுமாறும், இனி பெற்றோர் எழுத்து மூலமும் உறுதி செய்ய வழிவிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். என் எண்ணைத் திறந்துவிட அவசரமில்லை.

தாங்கள் நாள் குறித்து எழுதினால் நானே வருவேன். சாரி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேசை முன் நின்று, அவள் பெயரையும் வந்த காரணத்தையும் நானே சொல்வேன். ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். அதுவரை யாரும் எனக்காகச் சொல்லி முடிக்க வேண்டாம் என்று அங்கிருப்பவர்களிடம் தயவுசெய்து சொல்லிவையுங்கள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இடம்: ஹெய்னாலஹ்தி
நாள்: மார்ச் 3

தங்கள் கடிதத்துக்காக அஞ்சல் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கும்,
(கையொப்பம்)
யார்க்கோ லெப்பகோஸ்கி,
ஹில்லாவின் தந்தை