எட்டு ஏன் கழித்தலாகிறது?

புதன்கிழமை இரவு, லாபு

இன்றும் கணக்கு டியூஷன் சண்டையில்தான் முடிந்தது. 3x + 8 = 23. எட்டை அந்தப் பக்கம் கொண்டுபோனால் கழித்தல் ஆகிவிடும் என்றாள் கவிதா டீச்சர். ஏன் ஆகவேண்டும் என்று கேட்டேன்.

"அப்படித்தான் லா தாத்தா. எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க?"

நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதின கிராணியும் எதைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். காரணம் தெரியாமல் எழுதமாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். "சரி, எட்டு எங்கேயும் போகலே. ரெண்டு பக்கமும் சமம்தானே? ரெண்டுலேயும் எட்டை எடுத்துடுங்க."

உடனே புரிந்துவிட்டது. 3x = 15. x ஐந்து. இதை முதலிலேயே சொன்னால் என்ன? அந்தக் கோபத்தில் விடையை எழுதாமலே நோட்டை மூடிவிட்டேன்.

போகும்போது என் மருமகளிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. "தாத்தாவுக்கு ஏறலே அக்கா. இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை வேணாம்னு சொல்லிடுங்க."

எழுபது வயதுக்கு மேல் பள்ளி இறுதிப் பரீட்சையை எந்த வருஷத்துக்குத் தள்ளிப்போடுவது? காலையில் டீச்சரைக் கூப்பிட்டு, புரிந்தது என்று சொல்லவேண்டும். காரணம் கேட்டது தப்பு என்று மட்டும் சொல்லமாட்டேன். காட்டுவதற்கு இன்னும் சில கணக்குகள் போட்டு வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். 5x + 4 = 39. இரண்டு பக்கமும் நான்கை எடுத்தேன். கண் சொருகுகிறது. மீதியைக் காலையில் அவள் எதிரிலேயே போடுகிறேன்.