வாயை மட்டும் அசைங்க

12 பிப்ரவரி 2024, திங்கள்

எங்கள் விசைத்தறிக்கூடத்தில் சினிமா எடுக்கப் போகிறார்களாம். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கதாநாயகன் தறிக்காரப் பெண் ஒருத்தியோடு பேசுகிற காட்சி. "நீதாம்ட்டி வாயாடி. நீயே நில்லு" என்று என்னைக் கை காட்டிவிட்டார்.

வாயாடி! போன ஐப்பசியில் எதிர்த் தறி பேச்சிக்குக் கை போன அன்றும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். நானும் அவளும் வாயாடிக்கொண்டு நின்றதால்தான் பெல்ட்டில் கை மாட்டியதாம்.

14 பிப்ரவரி, புதன்

வசனத்தைக் கொடுத்தார்கள். படித்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"பேசிக்கிட்டே இருந்தோம் சார், அதான் அவ கை போச்சு."

இதை நான் சொல்ல வேண்டுமாம். கதாநாயகன் பெரிய மனதோடு ஆறுதல் சொல்வாராம். இந்தக் கதையை டைரக்டருக்கு யார் சொல்லியிருப்பார் என்று கேட்கவா வேண்டும்?

பேசிக்கொண்டா இருந்தோம்? தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் சத்தமே இல்லாமல் வாயை அசைப்போம். எதிரில் நிற்பவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முகத்தைப் பார்த்தால்தான் பேச்சு. அன்றைக்குப் பேச்சி குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. பெல்ட்டின் மேலிருந்த இரும்பு மூடியை முதலாளி கழற்றிப் போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. எண்ணெய் விடும்போதெல்லாம் கழற்றி மாட்ட நேரமாகிறதாம். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

பேச்சி நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டாள். வேலை போய்விடுமே என்று நான் போகவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசாததுதான் சரி. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

15 பிப்ரவரி, வியாழன்

சினிமாவில் இரண்டு பேர் பேசுவது என்ன லட்சணம் என்று இன்றைக்குத் தெரிந்தது. காலையில் கதாநாயகன் முகத்தை மட்டும் எடுத்தார்கள். நான் பின்மண்டையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். மதியம் கேமராவை என் பக்கம் திருப்பினால், அவர் சாப்பிடப் போய்விட்டார்! உதவி டைரக்டர் முஷ்டியைத் தூக்கிக் காட்டி, "இதுதான் ஹீரோக்கா, இதப் பாத்துப் பேசுங்க" என்றார். பிறகு ஒட்டிவிடுவார்களாம். மனம் விட்டுப் பேசிக்கொண்டது மாதிரி இருக்குமாம்.

தறிகள் ஓடட்டும் என்றார் டைரக்டர்.

"இந்தச் சத்தத்துல நான் பேசுதது கேக்காதே" என்றேன்.

"குரல் சென்னைல வேற ஒருத்தங்க கொடுப்பாங்கம்மா. நீங்க வாயை மட்டும் அசைங்க."

அசைத்தேன். அவர்கள் வசனத்தின் நீளத்துக்குச் சரியாக வருகிற மாதிரி: "மூடியக் கழத்துனது மொதலாளி, அதான் அவ கை போச்சு."

"சூப்பர், ஓகே" என்று கை தட்டினார்கள். மடையன்கள்.

21 ஜூலை, ஞாயிறு

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பேச்சியைப் பார்த்தேன். "ஹீரோயின் வாரா, வழி விடு மக்கா" என்று மகளிடம் சொன்னாள், என் காதில் விழட்டும் என்றே. வசனம் அவள் வரைக்கும் போயிருக்கிறது. நான் சொன்னது வேறு என்று அங்கேயே கத்தியிருக்க வேண்டும். கத்தினால் மட்டும் நம்புவாளா?

8 நவம்பர், வெள்ளி

படம் வந்துவிட்டது. தறிக்காரர்கள் எல்லோரையும் முதலாளியே தியேட்டருக்குக் கூட்டிப்போனார். பேச்சி மகளோடு தனியாக வந்து பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

சுவர் அகலத்துக்கு என் முகம். யாரோ ஒருத்தியின் தேன் குரல்: "பேசிக்கிட்டே இருந்தோம் சார்..."

அப்போது மூன்றாம் தறி பொன்மணி எழுந்தே விட்டாள்.

"ஏட்டி, இவ வேற என்னமோல்லா சொல்லுதா! மொதலாளிங்கா... மூடியக் கழத்துனது மொதலாளிங்கா!"

இருபது வருஷம் உதட்டைப் பார்த்தே பேசியவர்களுக்குத் தேன் குரல் எதற்கு? எங்கள் வரிசை முழுக்க விசில். முதலாளியும் தறிக்காரர் பிள்ளைதான், உதட்டைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இடைவேளைக்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

9 நவம்பர், சனி

வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார். போகட்டும்.

11 நவம்பர், திங்கள்

பேச்சி வீட்டுக்கு வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு. "காப்பி இருக்காட்டி?" என்றாள். கொடுத்தேன். இடது கையால் வாங்கிக் குடித்தாள்.

"சினிமால சொன்னத ஆபீஸர் ஒத்துக்க மாட்டாருட்டி. மனு இன்னும் அங்கதான் கெடக்கு. நேர்ல வாரியா?"

"எப்ப?"

"நாளைக்கே. எட்டரை பஸ்ஸு."

12 நவம்பர், செவ்வாய்

அலுவலக அறையில் ஃபேன் ஓடுகிற சத்தம்கூட இல்லை. என்ன நடந்தது என்று ஆபீஸர் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன் என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவைத் திறந்து வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தமே வரலியேம்மா" என்றார்.

பேச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சத்தமாச் சொல்லுட்டி!"

சொன்னேன். வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.