ஷெனோ மாவு மில்லில் நிற்கும் வெள்ளை வண்டி

அடிஸ் அபாபா,
ஹிதார் மாதம் 8

என் யெஷிக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? அம்மா வீட்டில் குளிர் எப்படி? போனில் பேசினால் நான் பேசியே உன்னை மயக்கிவிடுவேனாம், எழுதி அனுப்பு என்றாய். எழுதிவிட்டேன். மினிபஸ் ஓட்டும் ஷிமெலிஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வண்டி வாங்கிவிட்டேன்! கரண்டில் ஓடும் வண்டி. சீனாவில் யாரோ ஆறு வருஷம் ஓட்டியது. வெள்ளை. பின் சீட்டை மடித்தால் நாலு மூட்டை வெங்காயம் ஏறும். சத்தம்தான் கிடையாது. சந்தையில் ஒரு கழுதை வழியை விடவே இல்லை, பின்னால் வண்டி நிற்பது தெரிந்தால்தானே! கழுதைக்காரன் திரும்பிப் பார்த்துப் பதறி, "என்னய்யா, பேய் மாதிரி வந்து நிக்கிற? ஒரு உறுமலாவது உறுமக் கூடாதா?" என்றான்.

என்னவோ சொல்ல வந்தேன். ஆமாம், பெட்ரோல். உனக்கு வலி வந்த அன்று நான் பெட்ரோல் வரிசையில் நின்றேன். பக்கத்து வீட்டு மாந்தெக்போஷ் அக்காதான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இனி அந்த வரிசை நமக்கு இல்லை. 22ஆம் தேதி பாப்பாவுக்கு எண்பதாம் நாள், ஞானஸ்நானம். விடியுமுன் புறப்பட்டு வந்துவிடுவேன். முடிந்ததும் இந்த வண்டியிலேயே நம் வீட்டுக்குப் போகலாம்.

உன் கெஸாஹேன்


தெப்ரெ பெர்ஹான்,
ஹிதார் 13

கெஸாஹேன்,

சுகம். பாப்பா சிரிக்கப் பழகிவிட்டாள். கழுதைக் கதையைப் படித்துக் காட்டினேன். அம்மா சிரித்துவிட்டு, "மொதல்ல வண்டி வரட்டும்டி" என்றார்.

அன்று நீ வரிசையில் நின்றாய், சரி. காபிக் கடையில் கதை பேசி இடத்தை விட்டதையும், மறுபடி கடைசியில் போய் நின்றதையும் ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ பம்ப்காரன் மேல் பழி போட்டாய். எப்போதும் யாராவது ஒருத்தர் மேல்தான் தப்பு.

22ஆம் தேதி வந்து நின்றால் மூட்டை கட்டுகிறேன். இல்லாவிட்டால் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். பின் சீட்டில் விரி. பாப்பாவுக்குக் குளிரும்.

யெஷிமெபெத்


ஷெனோ,
ஹிதார் 22, காலை

யெஷி,

நான் பாதி வழியில் நிற்கிறேன். வண்டியில் கரண்ட் தீர்ந்துவிட்டது. தப்பு என்னுடையது.

சாயங்காலம் காம்பவுண்டில் எல்லோரும் கரண்ட் அடுப்பில் இஞ்செரா ரொட்டி சுடுவார்களே, அப்போது வண்டியைச் சொருகினால் பியூஸ் போய்விடும். மாந்தெக்போஷ் அக்கா, "எம்மாவு புளிச்சுக் கெடக்கு! மொதல்ல மனுசன் திங்கட்டும், அப்புறம் ஒன் காரு திங்கட்டும்" என்று கரண்டியைத் தூக்கினார். அதனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் ஏறத் தொடங்கட்டும் என்று வண்டிக் கடிகாரத்தில் நேரம் வைத்தேன். பொழுது சாய்ந்ததிலிருந்து மணி எண்ணும் நமக்கு அது சாப்பாட்டு வேளை. வண்டிக்கோ நடுராத்திரியிலிருந்து எண்ணும் வெளிநாட்டுக் கடிகாரம். அதன் இரண்டு மணி நமக்கு எட்டு! ஆறு மணி நேரம் சும்மா நின்றிருக்கிறது. புறப்படும்போது கரண்ட் அளவு காட்டும் பச்சைக் கோடு பாதிதான் இருந்தது. இறக்கத்தில் கரண்ட் தானாகக் கொஞ்சம் ஏறும் என்று வண்டியை விற்றுக் கொடுத்த தரகர் சொன்னதை நம்பினேன். உன் ஊருக்கு வழியெல்லாம் ஏற்றம் என்று எனக்குத் தெரியாதா என்ன?

இப்போது மாவு மில்லில் சொருகியிருக்கிறேன். வெண்ணெய் விற்கும் பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். ஒருத்தி, "மில்லுக்கு எல்லாரும் தெஃப் தானியம் கொண்டாருவாங்க, நீ காரையே கொண்டாந்துட்டியா அண்ணே? சன்னமா அரைக்கணுமா, கொரகொரன்னா?" என்கிறாள்.

ஷிமெலிஸ் பஸ் வந்துவிட்டது. ஏறலாம்தான். ஆனால் அது வந்து சேருமுன் பூசை முடிந்துவிடும். வண்டியையும் விட்டுவிட்டால் உங்களை எதில் அழைத்து வருவேன்? மதியம்வரை இங்கேதான். கம்பளி விரித்தே இருக்கிறது.

கெஸாஹேன்


தெப்ரெ பெர்ஹான்,
அதே நாள்

கெஸாஹேன்,

ஞானஸ்நானம் முடிந்தது. பெயர் வலத்த மரியம். தண்ணீர் பட்டதும் கோயிலே அதிர அழுதாள். வாசலில் ஷிமெலிஸ் உன் கடிதத்தைக் கொடுத்தார். அம்மா, "வரலைல்ல? நான் சொல்லலை?" என்றார்.

நான் இரண்டாவது முறை படித்தேன். 'தப்பு என்னுடையது.' கல்யாணமாகி நாலு வருஷத்தில் இந்த ஒரு வரியை இப்போதுதான் பார்க்கிறேன். இதற்கு ஒரு கரண்ட் வண்டி வாங்க வேண்டியிருந்ததா?

மில்லை விட்டு நகராதே. இந்தச் சீட்டு முதல் பஸ்ஸில் வருகிறது. நானும் பாப்பாவும் மூட்டையும் அடுத்த பஸ்ஸில். ஷெனோவிலிருந்து நம் வீட்டுக்கு இறக்கம்தானே, தரகர் சொன்னது இனிப் பலிக்கட்டும்.

கடிகாரத்தை மட்டும் தொடாதே. நான் வந்து வைக்கிறேன்.

உன் யெஷி